கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு: அமெரிக்கத் திட்டங்களால் பலன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எனக்கு எண்களோடு வேலை. கோடை வந்தால் டெக்சாஸின் டாலஸ் பக்கம் ஒரு நூலகத்தில், பிள்ளைகளுக்கு இலவச மதியச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் தன்னார்வலராக நின்று எண்ணிக்கைத் தாள் பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் காத்திருக்கும்போது இந்தப் பேச்சு வரும். வருடா வருடம் அதே சந்தேகங்கள். வாய் வலிக்கச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

1. அமெரிக்காவுல போய்ப் பசியா? சும்மா பெருசுபடுத்துறீங்களோ?

வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்க வேளாண் துறைக் கணக்குப்படி 2023-ல் 1.38 கோடிக் குழந்தைகள், சாப்பாட்டுக்கு நிச்சயமில்லாத வீடுகளில் இருந்தார்கள். பெரும்பாலும் எலும்பும் தோலுமாகத் தெரிகிற பசி கிடையாது. மாதக் கடைசியில் பால் வாங்குவதா, காருக்கு எண்ணெய் போடுவதா என்று யோசிக்கிற நிலைமை.

பள்ளி நடக்கும் மாதங்களில் இந்தச் சுமையில் பாதியைப் பள்ளிக்கூடம் தாங்குகிறது. 1946-ல் சட்டமான பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் இன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு இலவசம், அல்லது குறைந்த விலை. விடுமுறை விட்டதும் காலை, மதியம் இரண்டு வேளையும் வீட்டுச் செலவில் ஏறிவிடும். இரண்டு பிள்ளைகள், வாரம் ஐந்து நாள், பத்து வாரம் என்றால் 200 சாப்பாடு. சம்பளம் அதே சம்பளம்தான்.

2. கோடைக்குன்னு என்னென்ன திட்டம் இருக்கு? பேரே குழப்புதே.

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஓர் இடத்துக்குப் பிள்ளை வந்து உட்கார்ந்து சாப்பிடுவது. 1968-ல் சோதனையாகத் தொடங்கி, 1975-ல் தனித் திட்டமானது. பள்ளி, பூங்கா, சர்ச், நூலகம் என்று எங்கும் நடக்கும். இரண்டாவது, கிராமப்புறங்களில் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போகும் வசதி. இது 2023 கோடையில் நிரந்தரமானது. மூன்றாவது, 2024-ல் வந்த சம்மர் ஈ.பி.டி. கார்டு. ஒரு பிள்ளைக்கு மாதம் 40 டாலர் வீதம் கோடை முழுவதற்கும் 120 டாலர், மளிகைக் கடையில் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம். இதற்கு 'சன் பக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி இரண்டும் 2022 டிசம்பரில் நிறைவேறிய ஒரே சட்டத்தில் பிறந்தவை.

3. நம்ம பசங்க போய்ச் சாப்பிட்டா தப்பா? யாரோட பங்கையாவது எடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இலவச அல்லது குறைந்த விலைச் சாப்பாட்டுக்குத் தகுதி இருந்தால் அங்கே 'திறந்த' இடம் நடத்தலாம். 18 வயது வரை யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. பெயர், வருமானம், குடியேற்ற நிலை எதுவும் கேட்க மாட்டோம். கொடுத்த ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு பணம் தருகிறது, அதனால் கூட்டம் வந்தால் நடத்துபவருக்கு நல்லதுதான்.

இந்தத் தாராளம்தான் கணக்குப் பார்ப்பவனுக்குத் தலைவலி. பெயரே கேட்காததால் யார் சாப்பிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

4. இத்தனை சாப்பாடு கொடுத்தோம்னு எண்ணிட்டா போதாதா? அதுக்கு மேல என்ன மதிப்பீடு?

எண்ணுகிற தாளை ஒரு தடவை பாருங்கள், புரியும். 1, 2, 3 என்று வரிசையாக எண்கள் அச்சிட்டிருக்கும். பிள்ளை கையில் சாப்பாடு போன பிறகுதான் ஓர் எண்ணைக் கோடிட வேண்டும், முன்கூட்டிக் கோடிடக் கூடாது. இரண்டாம் முறை வாங்கியது தனி வரிசை. முதல் முறைச் சாப்பாட்டு எண்ணிக்கையில் 2 சதவீதம் வரைதான் அதற்குப் பணம் கிடைக்கும். பெரியவர்கள் சாப்பிட்டது இன்னொரு வரிசை. மிச்சம், வீணானது எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அக்காவும் தம்பியும் வந்தார்கள் என்றால், தம்பி தொடாத பால் பாக்கெட்டை அவன் அம்மா குடிக்கக் கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டும். அப்போது அந்த அம்மா பார்க்கும் பார்வைக்கு மட்டும் கட்டம் கிடையாது.

இந்தத் தாள் அரசிடம் பணம் கேட்பதற்கானது. கொடுத்தது எவ்வளவு என்று சொல்லும். கொடுத்ததால் என்ன மாறியது என்று சொல்லாது. இந்த இடம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அன்று மதியம் என்ன சாப்பிட்டிருக்கும்? வீட்டில் சாதம் இருந்து, நண்பர்களோடு விளையாட வந்த பிள்ளையும் தாளில் ஒரு கோடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளையும் ஒரு கோடு. மதிப்பீடு என்பது இந்த இரண்டு கோடுகளையும் பிரித்துப் பார்க்கிற வேலை.

5. வந்த பசங்களையும் வராத பசங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தா முடிஞ்சுதே சார்?

கேட்க எளிது, அங்கேதான் வழுக்கும். கஷ்டம் அதிகமுள்ள குடும்பம்தான் தேடிக்கொண்டு வரும் என்றால், வந்தவர்களிடம் பசி அதிகமாகத் தெரியும், திட்டமே பசியை உண்டாக்கியது போல ஒரு முட்டாள்தனமான முடிவு கிடைக்கும். நேர்மாறாகவும் நடக்கும். வருவதற்குக் கார் வேண்டும், பகலில் அழைத்துவர ஆள் வேண்டும். அவை இருக்கிற குடும்பம் ஏற்கெனவே கொஞ்சம் தேவலை என்றால், திட்டம் செய்யாத நன்மையும் அதன் கணக்கில் ஏறிவிடும். எந்தப் பக்கம் வழுக்கியது என்று எண்களை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்து, கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிடுவார்கள்.

6. அதுக்குன்னு குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குக் கொடுக்காம விடுறது பாவம் இல்லையா?

நியாயமான கோபம். நடந்ததைச் சொல்கிறேன். 2010-ம் நிதியாண்டுச் சட்டத்தில் நாடாளுமன்றம் கோடைப் பசிக்கான சோதனைகளுக்கு 8.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதிலிருந்து, 2-ல் சொன்ன மளிகைக் கார்டுக்கு முன்னோடியான கார்டுச் சோதனை 2011-ல் ஐந்து இடங்களில் தொடங்கி, 2012-ல் பல மாநிலங்களுக்கும் பழங்குடி அமைப்புகளுக்கும் விரிந்தது. தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுக்கப் பணம் கிடையாது. எப்படியும் சிலருக்குக் கிடைக்காது என்றால், யாருக்குக் கிடைக்காது என்பதை முடிவு செய்ய ஒரு வழி வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கொடுப்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது என்பது என் கட்சி.

குலுக்கிவிட்டால் 5-ல் சொன்ன வழுக்கல் போய்விடும். கார் உள்ளவர், இல்லாதவர், கெட்டிக்காரர், சோம்பேறி எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள். கோடை முடிவில் தெரிகிற வித்தியாசம் கார்டால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் வருடச் சோதனை இடங்களில் நம் டெக்சாஸின் எல் பாசோவும் ஒன்று என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 12-ல் தேவைப்படும்.

7. பசியை எப்படி அளக்கிறாங்க? தெர்மாமீட்டரா வைக்கிறாங்க?

கேள்வி கேட்டுத்தான். குழந்தைகளைப் பற்றி மட்டும் எட்டுக் கேள்விகள். பணமில்லாமல் பிள்ளைக்கு விலை மலிந்த இரண்டு மூன்று பொருளையே திரும்பத் திரும்பப் போட்டீர்களா, சாப்பாட்டு அளவைக் குறைத்தீர்களா, பிள்ளை ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததா, ஒரு நாள் முழுக்கவே சாப்பிடாமல் இருந்ததா என்று படிப்படியாகக் கடுமையாகும். இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் பிள்ளைகளுக்கு உணவு நிச்சயமில்லாத வீடு. ஐந்தைத் தொட்டால் மிகக் கடுமையான நிலை. கார்டுச் சோதனையில் கடந்த 30 நாளைப் பற்றிக் கேட்டார்கள்.

"என் பிள்ளை சாப்பிடல" என்று முன்பின் தெரியாதவரிடம் போனில் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும் என்று என் மனைவி கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் அந்தக் கூச்சம் கார்டு வாங்கியவருக்கும் உண்டு, வாங்காதவருக்கும் உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைத்துச் சொன்னாலும், இடையே உள்ள வித்தியாசத்தை அது பெரிதாகக் கெடுக்காது. தனி எண்ணைவிட வித்தியாசத்தை நம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

8. சரி, கடைசியில என்னதான் தெரிஞ்சுது?

பிள்ளைக்கு மாதம் 60 டாலர் கார்டு கிடைத்த குடும்பங்களில், 7-ல் சொன்ன 'மிகக் கடுமையான நிலை' மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நூறு வீட்டில் ஒன்பது சொச்சத்தில் இருந்தது ஆறு சொச்சமாக இறங்கியது. லேசான நிலையையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. பிள்ளைகள் பழமும் காய்கறியும் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று வீடுதானே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. சமூகத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் சோதித்தால் பெரும்பாலும் வருவது "வித்தியாசம் சொல்லும்படி இல்லை" என்ற பதில்தான். அந்த அனுபவத்தோடு பார்க்கிறவனுக்கு இது பெரிய எண்.

9. 30 டாலரே போதும்னு ஒரு ஆய்வு சொல்லுதாமே? அப்ப மிச்சம் வீண்தானே?

அதுவும் இதே சோதனைதான், 2013-ம் வருடத்தியது. அந்தக் கோடையில் ஒரு பக்கத்துக்கு 60, இன்னொரு பக்கத்துக்கு 30 கொடுத்தார்கள். மிகக் கடுமையான நிலையைக் குறைப்பதில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்தன. அதோடு நிறுத்திப் படித்தால் நீங்கள் சொல்வது சரி.

அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். பிள்ளைகளின் உணவு நிச்சயமின்மையை மொத்தமாகக் குறைப்பதிலும், தட்டில் பழம், காய்கறி, முழுத்தானியம், பால் பொருட்கள் கூடுவதிலும் 60 டாலர்தான் முன்னே நின்றது. முதல் 30 டாலர் பட்டினியைத் தடுக்கிறது, அடுத்த 30 டாலர் சாப்பாட்டைச் சாப்பாடாக்குகிறது. எது போதும் என்பது நீங்கள் எதை நோக்கமாக வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

10. கார்டைக் கையில கொடுத்தா சிப்ஸும் சோடாவும்தானே வாங்குவாங்க? ஏற்கெனவே பிள்ளைங்க குண்டா இருக்காங்க.

அயோவா கவர்னர் கிம் ரேனால்ட்ஸும் 2023 டிசம்பரில் திட்டத்தை மறுத்தபோது இதே பொருளில்தான் பேசினார்: குழந்தைகளின் உடல்பருமன் கூடிவரும் நேரத்தில் இந்தக் கார்டு ஊட்டச்சத்துக்கு ஒன்றும் செய்யாது என்று. சோதனையில் இதையும் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப் மாதிரி எந்த மளிகையும் வாங்கலாம். எல் பாசோ போன்ற இடங்களில், தாய் சேய் நல 'விக்' திட்டம் மாதிரி, பட்டியலில் உள்ளது மட்டும்: பால், முட்டை, காய்கறி இப்படி. பட்டியல் முறையில் பிள்ளைகளின் உணவு இன்னும் நன்றாக இருந்தது உண்மை. ஆனால் அந்த முறையில் பணத்தை முழுதாகச் செலவழிக்காத குடும்பங்களும் அதிகம். அந்தப் பட்டியலும் கடையும் எவ்வளவு படுத்தும் என்று 'விக்' வாங்கியவரைக் கேட்டால் தெரியும். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

குண்டு விஷயத்தில் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக ஒரு செய்தி. பால் வான் ஹிப்பல், ஜோசப் வொர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மழலை வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பருமனான பிள்ளைகளின் பங்கு 8.9-லிருந்து 11.5 சதவீதமானது. ஏறியது முழுக்கவும் இரண்டு கோடை விடுமுறைகளில். பள்ளி மாதங்களில் ஏறவே இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, ஓடியாட்டம் இரண்டும் நின்றுபோகிற காலம் அது. ஒரே வீட்டில் மாதக் கடைசியில் பட்டினியும் மாத முதலில் மலிவு நொறுக்குத்தீனியும் சேர்ந்தே இருக்கும்.

11. கார்டா, சாப்பாடா? ரெண்டுல எது மேல்?

எத்தனை பிள்ளைகளைத் தொடுகிறது என்று பார்த்தால் கார்டு. பள்ளி நாளில் இலவச, குறைந்த விலை மதியச் சாப்பாடு சாப்பிடும் ஏழு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவர்தான் கோடையில் சாப்பாட்டு இடத்துக்கு வருகிறார். டாலஸ் ஜூலை வெயிலில், பஸ் இல்லாத ஊரில், ஒரு சாண்ட்விச்சுக்காக மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு யார் வருவார்? கிராமத்தில் இன்னும் மோசம். டெக்சாஸின் பேலர் பல்கலைக்கழகம் 2019-ல் கிராமப்புறப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் தபாலில் அனுப்பிப் பார்த்தது இந்தக் கஷ்டத்தால்தான்.

ஆனால் 7-ல் சொன்ன அளவுகோலை மட்டும் வைத்துச் சாப்பாட்டு இடத்தை மட்டம் தட்டக் கூடாது. எங்கள் நூலகத்தில் சாப்பிட வந்த பிள்ளை பிறகு மூன்று மணி வரை ஏசியில் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கும். அதை எட்டுக் கேள்விகளில் எதுவும் கேட்பதில்லை.

12. அப்ப டெக்சாஸ்ல ஏன் சன் பக்ஸ் இல்ல?

கார்டில் ஏறும் பணம் முழுக்க மத்திய அரசுடையது. நிர்வாகச் செலவில் பாதியை மாநிலம் போட வேண்டும். 2024-ல் 37 மாநிலங்கள் சேர்ந்தன, டெக்சாஸ் சேரவில்லை. 2025-ல் நம் சட்டமன்றம் இதற்காக 6 கோடி டாலர் ஒதுக்கியது. ஜூனில் கவர்னர் கிரெக் அபட் அந்த ஒதுக்கீட்டை வெட்டினார். பலன் உண்டு என்று நிரூபித்த சோதனையில் முதல் வருடமே இருந்த மாநிலம் இது. நெப்ராஸ்கா கவர்னர் ஜிம் பில்லன் முதலில் மறுத்து, 2024 பிப்ரவரியில் மனம் மாறிச் சேர்ந்தார். ஆய்வு ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம்.

சேர்ந்த மாநிலத்தையும் சேராத மாநிலத்தையும் ஒப்பிட்டு வருகிற கட்டுரைகளைப் படிக்கும்போது 5-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களும் குலுக்கலில் சேரவில்லை.

13. அண்ணா, நாங்க மிச்சிகன்ல. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஃப்ரீ லஞ்ச். கார்டு தானா வந்துடுமா?

வராமல் போகலாம். ஃபுட் ஸ்டாம்ப் போன்ற உதவி வாங்கும் குடும்பமாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே வரும். பள்ளி முழுவதற்கும் இலவசம் என்பது மட்டும் உங்கள் வீட்டு வருமானத் தகுதியைக் காட்டாது. வருமானம் வறுமைக் கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருந்தால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று: கார்டில் பணம் ஏறிய 122 நாளில் செலவழிக்காததை எடுத்துவிடுவார்கள். விளம்பரத் தபால் என்று உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

14. சோதனையில வந்த பலன் நாடு பூரா அப்படியே வருமா?

அப்படியே வராது. சோதனையில் மாதம் 60, இப்போது 40. அதுவும் 2012-ன் 60 டாலருக்கும் 2024-ன் 40 டாலருக்கும் நடுவே முட்டை விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஆறுதல், 9-ல் சொன்ன 30 டாலர் முடிவு. கடும் பட்டினியைத் தடுக்கக் குறைந்த தொகையும் உதவும் என்று அது காட்டுகிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, சாப்பாட்டுக்கு ஈடாக இதே மாதிரிக் கார்டு கொடுத்தார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு தேதியில் கொடுத்தது. அந்தத் தேதி வித்தியாசத்தைப் பயன்படுத்தி ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஹாமில்டன் ப்ராஜெக்ட் என்ற பிரிவு கணக்குப் பார்த்தது. பணம் ஏறியதை அடுத்த வாரத்தில், ஏழைக் குடும்பங்களில் குழந்தைகளின் பசி சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. முறை வேறு, காலம் வேறு, விடை மட்டும் 8-ல் வந்ததற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

15. அரசாங்கமே வருஷா வருஷம் சர்வே எடுக்குதே, அதுல பார்த்துக்கலாமே?

அந்த சர்வே டிசம்பரில் நடந்துவந்தது. கோடையைப் பற்றி டிசம்பரில் கேட்டால் ஞாபகம்தான் பதில் சொல்லும். 1990-களில் அது சில வருடம் ஏப்ரலிலும் சில வருடம் கோடைக் கடைசியிலும் மாறி மாறி நடந்தது. யாரோ திட்டமிடாமல் செய்த அந்தக் குளறுபடியை மார்க் நார்ட், கேத்லீன் ரோமிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோடையில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நிலைமை மோசமாவதையும், கோடைச் சாப்பாடு அதிகம் கொடுக்கும் மாநிலங்களில் அந்தச் சரிவு குறைவாக இருப்பதையும் 2006-ல் காட்டினார்கள்.

2025 செப்டம்பரில் வேளாண் துறை, இந்த சர்வேயை வைத்து எழுதும் வருடாந்திர அறிக்கையை இனிப் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. அளவுகோலை ஒடித்துப் போட்டால் ஜுரம் இறங்கிவிடும் போலிருக்கிறது.

16. நம்ம ஊர்ல சத்துணவு இவ்வளவு பெருசா நடக்குது. கோடையில அங்க என்ன பண்றாங்க?

அங்கும் பள்ளி நாட்களோடு கட்டியதுதான். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கச் சொன்னது. விடுமுறைக்கு வயிறு லீவு எடுக்காது என்பதை அங்கேயும் கோர்ட்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

17. எங்க அமைப்பு சின்னது. குலுக்கல், சர்வே எல்லாம் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?

வராதவர்களை எண்ணுங்கள். பக்கத்துப் பள்ளியில் மே மாதம் நாளொன்றுக்கு எத்தனை மதியச் சாப்பாடு போனது என்று கேட்டு வாங்கி, உங்கள் ஜூலை எண்ணிக்கையின் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் மதிப்பீட்டின் முதல் வரி. பிறகு அந்தப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு, துணி துவைக்கும் கடைக்கு, அபார்ட்மெண்ட் வாசலுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். வந்தவர்களிடம் "பிடித்திருந்ததா" என்று படிவம் நீட்டுவது வீண் வேலை. பிடித்ததால்தான் வந்திருக்கிறார்கள்.

எங்கள் நூலகத்தில் ஜூலையில் எண்ணிக்கை இறங்கியபோது வெயில்தான் காரணம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாலைக்கு எதிர்ப்புறம் பெரிய அபார்ட்மெண்ட் வளாகம். ஒரு நாள் அங்கே போய்க் கேட்டேன். "ஆறு லேன் ரோடு, சிக்னல் அரை மைல் தள்ளி இருக்கு, ஜூன்ல பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்த பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் ஒரு பெண். வாரம் இரண்டு நாள் சாப்பாட்டு வேனை வளாகத்துக்குள்ளேயே நிறுத்த அனுமதி வாங்கினோம். முதல் செவ்வாய்க்கிழமை 37 வரை கோடிட்டேன். அதில் எத்தனை பேர் முன்பு சாலையைக் கடந்து வந்தவர்கள், எத்தனை பேர் புதியவர்கள் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. பின்பக்கம் பேனாவால் எழுதிவைத்தேன்: பழையவர் 9, புதியவர் 28.